அலெக்சாண்டர் கார்ட்ரைட்

அலெக்சாண்டர் ஜாய் கார்ட்ரைட் (ஏப்ரல் 17, 1820 – ஜூலை 12, 1892) அடிபந்தாட்ட (பேஸ்பால்) முன்னோடிகளுள் ஒருவர். நியூயார்க்கில் பிறந்த இவர் வங்கி எழுத்தராகவும் நூல் வணிகராகவும் பணியாற்றினார். தன்னார்வத் தீயணைப்பாளராகவும் விளங்கினார்.

1845 இல் நிக்கர்பாக்கர் கழகத்தைத் தோற்றுவித்தவர்களுள் இவரும் ஒருவர். எழுத்தர்களும் வணிகர்களுமான அதன் உறுப்பினர்கள் ஊதியம் பெறாது பொழுதுபோக்காகவே ஆடினர். ஓடுபவர் மீது பந்தை எறிந்து ஆட்டமிழக்கச் செய்யும் பழைய வழக்கத்தைக் கழகத்தின் எழுத்துவடிவ விதிகள் தடை செய்தன. வளர்ந்தவர்கள் காயமின்றி ஆட இதுவே வழிவகுத்தது எனலாம். விதிகளை வகுத்தவர்களே 1846 சூன் 19 அன்று ஹோபோக்கன் நகரில் நியூயார்க் அணியிடம் 23–1 எனத் தோற்றனர்.

1849 இல் தங்க வேட்டைக் காலத்தில் கலிபோர்னியா சென்ற கார்ட்ரைட், அங்கிருந்து ஹவாய் சென்று ஹொனலுலுவில் குடியேறி, அந்நகரத் தீயணைப்புத் தலைவரானார்.

1938 இல் அடிபந்தாட்டப் புகழவையில் சேர்க்கப்பட்டபோது, தளங்களுக்கிடையே 90 அடி, ஒன்பது ஆட்டக்காரர், ஒன்பது ஆட்டப்பகுதி ஆகியன இவர் வகுத்தவை என அங்குள்ள பட்டயத்தில் பொறிக்கப்பட்டது. இது பொருந்தாது. இம்மூன்றும் நியூயார்க் வட்டாரக் கழகங்கள் 1857 இல் கூடி உறுதிசெய்தவை. அக்கூட்டத்திற்குத் தலைமை வகித்தவர் மருத்துவர் டேனியல் ஆடம்சு. கார்ட்ரைட் அப்போது ஹொனலுலுவில் இருந்தார். ஆடம்சு இன்னும் புகழவையில் சேர்க்கப்படவில்லை.

கார்ட்ரைட் ஹொனலுலுவிலேயே காலமானார். அங்குள்ள ஓவாகு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.