வெயில் ஆகாத மனிதர்

ஒவ்வோர் ஆண்டும் வெளிக்களப் பயணத்துக்கு முன்பாகப் பெற்றோரின் சம்மதக் கடிதங்களைச் சேர்த்தெடுக்கும் வேலை எனக்குத்தான் வரும். சில கடிதங்கள் மறுநாளே கையொப்பத்தோடு திரும்பிவிடும். சிலவற்றில் கையொப்பத்துக்குக் கீழே, பிள்ளையைத் தண்ணீருக்குள் இறக்க வேண்டாம், வெயிலில் நிறுத்த வேண்டாம் என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். சில திரும்பி வருவதே இல்லை. அந்தப் பெற்றோரை நான் குறை சொல்வதில்லை. நானும் ஒரு பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு, பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அழுதவள்தான்.

இம்முறை அந்தக் கடிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது கேர்ட் ஹானின் நினைவு வந்தது. மாணவர் மலையேறுவதும், படகு ஓட்டுவதும், கூடாரமடித்துத் தங்குவதும் கல்வியின் ஒரு பகுதி என்று இன்று பல நாடுகள் ஏற்றுக்கொண்டிருப்பதற்கு அவரும் ஒரு பெரிய காரணம். அவரோ வெயிலில் நிற்கவே முடியாதவர்.

ஹான் 1886 ஜூன் 5ஆம் திகதி ஜேர்மனியின் பெர்லின் நகரில் வசதியான யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தகப்பனார் தொழிலதிபர். சிறுவன் படித்தது கண்டிப்புக்குப் பெயர்போன ஒரு பழைய பாடசாலையில். இலத்தீனும் கிரேக்கமும் மனனம் செய்வதே அங்கே கல்வி. பதின்ம வயதில் விடுமுறைப் பயணம் ஒன்றில் இங்கிலாந்து மாணவர் சிலரைச் சந்தித்தார். அவர்கள் அபட்ஸ்ஹோம் என்னும் விடுதிப் பாடசாலையில் படித்தவர்கள். தோட்டவேலை, தச்சுவேலை, நீண்ட நடைப்பயணம் எல்லாம் தங்கள் பாடசாலையில் படிப்போடு சேர்ந்தவை என்று அவர்கள் சொன்னது அவருடைய மனத்தில் ஆழமாகப் பதிந்தது.

1904ஆம் ஆண்டு, பாடசாலைப் படிப்பை முடித்த கோடையில், கடும் வெயில்தாக்கம் அவரைப் படுக்கையில் தள்ளியது. பதினெட்டு வயது. மாதக்கணக்கில் இருட்டறையில் கிடக்க வேண்டியதாயிற்று. அதன்பின் ஆயுள் முழுவதும் அவரால் கடும் வெளிச்சத்தையோ வெப்பத்தையோ தாங்க முடியவில்லை. ஓடியாடித் திரிந்த ஓர் இளைஞனுக்கு இது எப்படி இருந்திருக்கும்! அந்த இருட்டறையில்தான் தாம் ஒருநாள் நடத்தப்போகும் பாடசாலையைப் பற்றி அவர் யோசிக்கத் தொடங்கினார். பின்னர் ஒக்ஸ்போர்ட்டிலும் ஜேர்மனியின் பல பல்கலைக்கழகங்களிலும் படித்தார். பட்டம் எதையும் முடிக்கவில்லை. கோடை வந்துவிட்டால் வெப்பத்துக்குத் தப்பி ஸ்கொட்லாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள மோறே பகுதிக்குப் போய்விடுவார். குளிர்ந்த அந்தக் கரை பின்னாளில் தமக்கு அடைக்கலம் தரும் என்று அப்போது அவர் நினைத்திருக்க மாட்டார்.

முதலாம் உலகப் போரின்போது ஜேர்மனிய வெளிநாட்டு அமைச்சின் கீழ் பிரித்தானியப் பத்திரிகைகளைப் படித்து அறிக்கை எழுதும் வேலை அவருக்குக் கிடைத்தது. அதன் வழியாக, ஜேர்மனியப் பேரரசின் கடைசிச் சான்சலரான பாடன் இளவரசர் மக்ஸின் செயலாளரானார். போரில் தோற்று, பசியிலும் வெறுப்பிலும் கிடந்த நாட்டில் இருவரும் செய்யத் துணிந்த காரியம் ஒரு பாடசாலை திறப்பது. 1920இல் கொன்ஸ்டன்ஸ் ஏரிக்கு அருகிலுள்ள ஸாலெமில், முன்பு துறவிகளின் மடமாக இருந்த இளவரசரின் மாளிகையில் விடுதிப் பாடசாலை தொடங்கியது. தொடக்கத்திலிருந்தே ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். செல்வர் வீட்டுப் பிள்ளைகளோடு சாதாரண வீட்டுப் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்பதில் ஹான் பிடிவாதமாக இருந்தார். பணக்கார வீட்டுப் பிள்ளைகளைத் தாங்கள் உயர்ந்தவர்கள் என்ற நினைப்பிலிருந்து விடுவிப்பதும் பாடசாலையின் கடமை என்று அவர் கருதினார்.

ஸாலெமின் நாளொழுங்கை நம் விடுதி மாணவியர் கேட்டால் முகம் சுளிப்பார்கள். அதிகாலை ஓட்டம், குளிர்ந்த நீரில் குளியல், முற்பகல் வகுப்புகளுக்கு நடுவே ஓட்டமும் பாய்ச்சலும் எறிதலும். ஆனால் அந்த விளையாட்டில் எவரும் எவரையும் வெல்ல வேண்டியதில்லை. போன மாதம் தாண்டிய உயரத்தை இந்த மாதம் தாண்டினால் போதும். விளையாட்டு வராது என்று ஒதுங்கிய பிள்ளைக்கும் அங்கே ஓரிடம் இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. அன்றாடம் செய்ய வேண்டிய கடமைகளின் பட்டியல் ஒன்று ஒவ்வொரு மாணவரிடமும் இருக்கும். இரவில், எதைச் செய்தேன், எதைத் தவறவிட்டேன் என்று தானே அடையாளமிட வேண்டும். ஆசிரியர் எவரும் பின்னால் நின்று சரிபார்ப்பதில்லை. விடுதி என்றால் கண்காணிப்பு என்றே நாம் பழகிவிட்டோம்: கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்பட்டது, யார் எங்கே நின்றார். ஹான் மறுபக்கத்திலிருந்து தொடங்கினார். பிள்ளை பொய் எழுதலாம் என்பது அவருக்குத் தெரியாமலில்லை. அப்படித் தெரிந்தும் நம்புவதால்தான் பிள்ளை மெல்ல மெல்ல அந்த நம்பிக்கைக்கு உரியவளாகிறாள் என்று அவர் எண்ணினார்.

பிறகு வந்தது 1932. ஓகஸ்ட் மாதம், பொட்டெம்பா என்னும் கிராமத்தில் ஹிட்லரின் ஆட்கள் ஒரு தொழிலாளியை அவருடைய தாயின் கண்ணெதிரிலேயே அடித்துக் கொன்றார்கள். கொலையாளிகளுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டதும், ஹிட்லர் அவர்களுக்கு ஆதரவாகத் தந்தி அனுப்பினார். ஹான் அப்போது ஒரு கடிதம் எழுதினார். ஹிட்லரின் படைகளில் சேர்ந்திருந்த ஸாலெமின் பழைய மாணவர்கள், ஒன்று அந்தத் தலைவனுடனான உறவை முறிக்க வேண்டும், அல்லது பாடசாலையுடனான உறவை முறிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். யூதராகப் பிறந்த ஓர் அதிபர், அந்த ஆண்டில், அந்த நாட்டில் இப்படி எழுதினார். நேர்மையைப் பட்டியலில் அடையாளமிடச் சொல்லிக்கொடுத்தவர் தமது முறை வந்தபோது தவறவிடவில்லை.

1933 மார்ச்சில் அவர் கைதுசெய்யப்பட்டார். பிரித்தானியப் பிரதமர் ராம்சே மக்டொனால்ட் உட்படப் பலர் தலையிட்டதால் சில நாட்களில் விடுதலையானார். ஸாலெம் இனி அவருக்கில்லை. அந்த ஆண்டு ஜூலையில் பிரித்தானியாவுக்குப் புறப்பட்டார். நாற்பத்தேழு வயதில் பாடசாலையும் இல்லை, நாடும் இல்லை. மனம் ஒடிந்துபோயிருந்த அவரைப் பழைய நண்பர்கள் மீண்டும் மோறேக் கரைக்கு அழைத்துச் சென்றார்கள்.

1934இல் அங்கே கோர்டன்ஸ்டன் பாடசாலை விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு தொடங்கியது. ஸாலெமிலிருந்து வந்து சேர்ந்த ஒரு சிறுவன், பின்னாளில் எலிசபெத் மகாராணியாரின் கணவரான பிலிப். கடலோரப் பாடசாலை என்பதால் கடலையே ஹான் ஆசிரியராக்கினார். மாணவர் படகு கட்டவும் பாய்மரம் இழுக்கவும் கற்றார்கள். அத்தோடு நிற்கவில்லை. புயல் நேரங்களில் கரையோரக் காவலுக்கு உதவியாக, ஆபத்தில் சிக்கும் கப்பல்களைக் கவனித்திருக்கும் பொறுப்பும் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. தூங்கிப்போனால் மதிப்பெண் குறையாது. கடலில் ஓர் ஆள் இறந்துபோகலாம். பாடசாலையின் விளையாட்டுக் கிண்ணத்துக்கு இல்லாத கனம் அந்தக் காவலுக்கு இருந்தது.

இந்த அனுபவம் பாடசாலையின் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதாக இருக்கக்கூடாது என்று 1936இல் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கும் சேர்த்து மோறே பதக்கம் என்றொரு திட்டத்தை உருவாக்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1956இல் இளவரசர் பிலிப் தொடக்கிவைத்த எடின்பரோ கோமகன் விருது. எவரெஸ்ட் சிகரம் முதன்முதலில் தொடப்பட்ட 1953ஆம் ஆண்டுப் பயணத்தின் தலைவர் ஜோன் ஹன்ட்தான் அதற்கு முதல் பணிப்பாளர். பெண்பிள்ளைகளுக்கான பிரிவு 1958இல் வந்தது. நம் நாட்டுப் பாடசாலைகளிலும் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மாணவியர் பெறுவது இந்த விருதைத்தான். சேவை, திறன், உடற்பயிற்சி, பயணம் என்று அதிலுள்ள பகுதிகளைப் பார்த்தால் ஸாலெமின் பழைய பட்டியல் நினைவுக்கு வரும்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. கோர்டன்ஸ்டன் கட்டடங்களை இராணுவம் எடுத்துக்கொள்ள, பாடசாலை வேல்ஸுக்கு இடம்பெயர்ந்தது. அந்தக் காலத்தில் கப்பல் நிறுவன உரிமையாளர் லோரன்ஸ் ஹோல்ட் ஒரு கவலையோடு இருந்தார். எதிரியின் நீர்மூழ்கிகளால் கப்பல்கள் மூழ்கும்போது, உயிர்காக்கும் படகுகளில் வயது முதிர்ந்த மாலுமிகள் தாக்குப்பிடித்தார்கள். உடல்வலு மிக்க இளைஞர்களோ சீக்கிரம் நம்பிக்கை இழந்து மடிந்தார்கள் என்று அவர் கண்டார். உடல் பலத்தால் ஆகாத ஏதோ ஒன்று அந்த முதியவர்களிடம் இருந்தது. அதைக் கற்பிக்க முடியுமா? ஹானும் ஹோல்ட்டும் 1941இல் வேல்ஸின் அபர்டோவி கடற்கரையில் ஏறத்தாழ ஒரு மாதப் பயிற்சியைத் தொடங்கினார்கள். இளம் மாலுமிகள், தொழிற்சாலைப் பயிலுநர்கள், பாடசாலை மாணவர் எல்லாரும் கலந்து, படகிலும் மலையிலும் பயிற்சி பெற்றார்கள். துறைமுகத்தை விட்டு வெளியே புறப்படும் கப்பலைக் குறிக்கும் அவுட்வேர்ட் பவுண்ட் என்ற சொல்லே அதன் பெயராயிற்று. பெண்களுக்கான முதல் பயிற்சி 1951இல் நடந்தது. அதே பத்தாண்டில் மலேசியாவின் லுமுட்டிலும் ஒரு பயிற்சி நிலையம் எழுந்தது. இன்று பல நாடுகளில் அது இயங்குகிறது.

பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே உண்டு. ஹான் பிள்ளைகளைச் சும்மா ஆபத்தில் தள்ளிவிடவில்லை. பயிற்சி முதலில், பயணம் பிறகு. வழியறியும் கலை, முதலுதவி, உடல்தகுதி எல்லாம் படிப்படியாக வந்த பின்பே மலை. ஆனால் ஆயத்தம் முடிந்த பின்னும் அனுப்பாமல் பிடித்துவைப்பதை அவர் ஏற்கவில்லை.

அவருடைய வழியில் குறையே இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். மனிதர் சர்வாதிகாரிபோல நடந்துகொள்வார் என்று அவரோடு வேலை செய்தவர்களே முணுமுணுத்ததுண்டு. அவர் ஓய்வு பெற்ற பின் 1960களில் கோர்டன்ஸ்டனில் படித்த, இன்றைய மன்னர் சார்ள்ஸ், தந்தையைப் போல அங்கே மகிழ்ச்சியாக இருக்கவில்லை என்பது பலரும் அறிந்த செய்தி. ஒரே விடுதி, ஒரே குளிர்ந்த நீர்; தந்தைக்குப் பிடித்தது மகனுக்குப் பிடிக்கவில்லை. கூச்சமுள்ள பிள்ளைக்குக் கடுமை மட்டும் உதவாது. விடுதிப் பொறுப்பில் இருக்கும் நாங்கள் இதை மறந்துவிடக்கூடாது.

1953இல் கோர்டன்ஸ்டன் அதிபர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றும் அவர் சும்மா இருக்கவில்லை. போர் முடிந்து சில ஆண்டுகளில், முன்னாள் எதிரி நாடுகளின் அதிகாரிகள் பாரிஸில் ஒரே பாதுகாப்புக் கல்லூரியில் சேர்ந்து பயில்வதைக் கண்டவர், இதையே பதினாறு பதினேழு வயதில் செய்தால் என்ன என்று கேட்டார். அப்படி 1962இல் வேல்ஸின் கடற்கரைக் கோட்டை ஒன்றில் பல நாட்டு மாணவருக்கான அட்லான்டிக் கல்லூரி பிறந்தது. அங்கேயும் மாணவரே கடல்மீட்புப் பணி செய்தார்கள். அந்தப் பணிக்குத் தோதான படகு தேடி, முதல் அதிபர் அட்மிரல் டெஸ்மன்ட் ஹோரும் மாணவரும் கல்லூரிப் பட்டறையில் பல ஆண்டுகள் முயன்று ஒன்றை வடிவமைத்தார்கள். அடி கெட்டியாகவும் பக்கங்கள் காற்றடைத்த குழாய்களாகவும் உள்ள அந்தப் படகு வகை இன்று உலகின் மீட்புப் படைகளிலெல்லாம் இருக்கிறது. நம் கடற்படையினர் வேகமாக ஓட்டிச் செல்வதைக் கரையில் நின்று நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஸாலெமில் முதல் நாளிலிருந்தே பெண்பிள்ளைகள் படித்தார்கள். கோர்டன்ஸ்டன் அவர்களுக்குக் கதவைத் திறந்தது 1972இல்தான். அதைக் காண ஹான் உயிரோடிருந்தார். முதுமையில் அவர் ஜேர்மனிக்கே திரும்பியிருந்தார். வெளியே நடக்கும்போது அப்போதும் தலையில் அகன்ற விளிம்புள்ள தொப்பி இருக்கும். 1974 டிசம்பர் 14ஆம் திகதி, எண்பத்தெட்டாவது வயதில் அவர் காலமானார். நாற்பத்தோராண்டுகளுக்கு முன் தம்மைத் துரத்திய ஸாலெமின் மண்ணிலேயே அடக்கஞ்செய்யப்பட்டார்.

கடிதங்களில் இன்னும் ஏழு வரவேண்டியிருக்கிறது. நாளை அந்த ஏழு வீடுகளுக்கும் தொலைபேசி எடுக்கப்போகிறேன்.