எல்டன் மேயோ

ஜார்ஜ் எல்டன் மேயோ (டிசம்பர் 26, 1880 - செப்டம்பர் 1949) ஆஸ்திரேலியாவில் பிறந்த உளவியலாளர், தொழிலகச் சமூகவியலாளர் மற்றும் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் பேராசிரியர் ஆவார். தொழிலாளியின் மனநிலையும் உடன் பணிபுரிவோருடன் அவருக்குள்ள உறவும் அவரது வேலையைப் பாதிக்கின்றன என்ற கருத்தை மேலாண்மைத் துறையில் நிலைபெறச் செய்தவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். மனித உறவுகள் இயக்கம் எனப்படும் மேலாண்மைச் சிந்தனை இவர் பெயருடன் இணைத்தே பேசப்படுகிறது. இவரது பெயரை நிலைநாட்டிய ஹாதோர்ன் ஆய்வுகள் இவரால் தொடங்கப்பட்டவை அல்ல.

இளமை

மேயோ தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் பிறந்தார். இவரது குடும்பத்தில் கல்விக்குப் பெருமதிப்பு இருந்தது. அக்காள் ஹெலன் மேயோ புகழ்பெற்ற குழந்தைநல மருத்துவரானார். தம்பிகளுள் ஒருவர் அறுவை மருத்துவராகவும் மற்றொருவர் நீதிபதியாகவும் உயர்ந்தனர். மேயோவும் மருத்துவம் பயிலவே அனுப்பப்பட்டார். அடிலெய்டு, எடின்பரோ, இலண்டன் என மூன்று இடங்களில் முயன்றும் அவர் மருத்துவப் பட்டம் பெறவில்லை. சிறிது காலம் மேற்கு ஆப்பிரிக்காவில் வேலை பார்த்தார். பின் இலண்டனில் தொழிலாளர் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தினார். 1905ல் ஊர் திரும்பி அச்சகமொன்றில் பங்குதாரரானார். அதன் பின்னரே மெய்யியலும் உளவியலும் கற்க அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, வில்லியம் மிட்செல் என்னும் மெய்யியலாளரின் மாணவரானார்.

பிரிஸ்பேனில்

புதிதாகத் தொடங்கப்பட்ட குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1911ல் விரிவுரையாளராகச் சேர்ந்த மேயோ, பின்னர் அங்கேயே மெய்யியல் பேராசிரியரானார். 1913ல் டொரோதியா மெக்கானலை மணந்தார். இவர்களுக்கு இரு மகள்கள். மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கியின் நட்பும் இக்காலத்தில் கிடைத்தது.

முதலாம் உலகப் போரில் மனம் பாதிக்கப்பட்டுத் திரும்பிய வீரர்களுக்குப் பிரிஸ்பேன் மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து உளச் சிகிச்சை அளித்தார். இவ்வனுபவமும், பிரெஞ்சு உளவியலாளர் பியர் ஜானேயின் நூல்களும் அவரது பிற்காலச் சிந்தனைக்கு அடித்தளமாயின. சலிப்பூட்டும் வேலையில் ஈடுபட்டிருப்பவரின் மனம் தன்போக்கில் அலைந்து கசப்பான எண்ணங்களிலேயே சுழல்கிறது என்றும், தொழிலாளர் கொந்தளிப்பின் வேர் அதில் உள்ளது என்றும் மேயோ நம்பினார். இதனால் வேலைநிறுத்தங்களைக் கூலிக்கான போராட்டமாகப் பார்ப்பதைவிட நோயின் அறிகுறியாகவே பார்த்தார். இப்பார்வை இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

பிலடெல்பியா நூற்பாலை

1922ல் ஐக்கிய அமெரிக்கா சென்ற மேயோ, ராக்பெல்லர் நிதியுதவியுடன் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆய்வுப்பணி பெற்றார். பிலடெல்பியாவில் இருந்த நூற்பாலை ஒன்றின் ஒரு பிரிவில் ஆட்கள் நிலைப்பதே இல்லை. ஆலையின் பிற பிரிவுகளில் ஆண்டுக்கு 5 முதல் 6 விழுக்காட்டினரே வேலையை விட்டு விலகினர்; இங்கோ இவ்வளவு ஏறத்தாழ 250 விழுக்காடாக இருந்தது. அதாவது 40 பேர் வேண்டிய இடத்துக்கு ஆண்டுக்கு 100 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஊக்கத்தொகைத் திட்டங்களும் பலன் தரவில்லை.

நாள் முழுவதும் நின்றும் நடந்தும் அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்த இத்தொழிலாளருக்குக் காலையில் இரண்டும் மாலையில் இரண்டுமாகப் பத்து நிமிட ஓய்வு இடைவேளைகள் அளிக்கப்பட்டன. படுத்து ஓய்வெடுக்கவும் வழி செய்யப்பட்டது. சோர்வு குறைந்தது, உற்பத்தி கூடியது. அவசர வேலைக்காக மேற்பார்வையாளர்கள் ஓய்வை நிறுத்தியபோது பழைய நிலை திரும்பியது. ஆலைத் தலைவர் தலையிட்டு, இயந்திரங்களை நிறுத்தி அனைவரும் ஓய்வெடுக்கும்படி ஆணையிட்டார். அதன்பின் விலகுவோர் தொகை மற்ற பிரிவுகளின் அளவுக்கு இறங்கியது.

இம்மாற்றத்துக்கு உடற்சோர்வு நீங்கியதே காரணம் என மேயோ முதலில் கருதினார். 1945ல் வெளியிட்ட நூலில் இதை மாற்றிக்கொண்டார். தனித்தனியே உழன்ற தொழிலாளர்கள் ஒரு குழுவாக இணைந்ததும், தங்கள் குறை கேட்கப்பட்டதும் ஓய்வைவிட முக்கியமானவை என்பது அவரது பிந்தைய முடிவு.

ஹாதோர்ன் ஆய்வுகள்

மேயோ 1926ல் ஹார்வர்டில் சேர்ந்தார். சிகாகோவை அடுத்த சிசெரோவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்துக்குச் சொந்தமான ஹாதோர்ன் தொழிற்சாலை இருந்தது. தொலைபேசிக் கருவிகளைச் செய்த இங்கு 1924 முதல் 1927 வரை வெளிச்சத்துக்கும் உற்பத்திக்கும் உள்ள தொடர்பு ஆராயப்பட்டது. தெளிவான தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. 1927 ஏப்ரலில் நிறுவனமே ரிலே பொருத்தும் பெண்கள் அறுவரைத் தனியறையில் அமர்த்திப் புதிய சோதனையைத் தொடங்கியது. மேயோ அங்கு முதன்முதலில் சென்றது 1928ல்தான். அப்பெண்களின் இரத்த அழுத்தத்தை அளந்ததும் அவரது தொடக்ககாலப் பணிகளுள் ஒன்று.

இவ்வறையில் ஓய்வு இடைவேளை, சிற்றுண்டி, வேலை நேரம் ஆகியன ஒவ்வொன்றாக மாற்றப்பட்டன. உற்பத்தி பெரும்பாலும் உயர்ந்தே வந்தது. 1928ன் பிற்பகுதியில் சலுகைகள் அனைத்தும் சில வாரங்களுக்கு நீக்கப்பட்டபோதும் வார உற்பத்தி குறையவில்லை. பெண்களிடையே வளர்ந்த நட்பும், அவர்களைக் கலந்து பேசி நடத்திய இணக்கமான மேற்பார்வையுமே இதற்குக் காரணம் என மேயோ விளக்கினார்.

1928 முதல் 1930 வரை 21,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் நேர்காணப்பட்டனர். முதலில் வரையறுத்த கேள்விகளே கேட்கப்பட்டன. தொழிலாளர்களோ வேறெதையோ பேச விரும்பினர். எனவே அவர்கள் போக்கில் பேசவிட்டு, குறுக்கிடாமல் கேட்கும் முறை கையாளப்பட்டது. பேசி முடித்ததாலேயே மனச்சுமை குறைந்தவர்கள் பலர். மாற்றப்படாத வசதிகள் மேம்பட்டுவிட்டதாகச் சிலர் நன்றி கூறியதும் உண்டு.

1931-32ல் 14 ஆண்களைக் கொண்ட கம்பியிணைப்பு அறையில் நடந்த உற்றுநோக்கல் இதற்கு மாறான சித்திரத்தைத் தந்தது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் செய்வது என்று தொழிலாளர்களே அளவு வகுத்திருந்தனர். மிகுதியாகச் செய்பவரும், மிகக் குறைவாகச் செய்பவரும், மேலாளரிடம் கோள் சொல்பவரும் கேலிக்குள்ளாயினர்; மேற்கையில் குத்தும் விழுந்தது. குழுவுணர்வு உற்பத்தியைக் கூட்டவும் செய்யும், கட்டுப்படுத்தவும் செய்யும் என்பது இதனால் வெளிப்பட்டது.

இதற்குள் பெருமந்தம் ஆலையைத் தாக்கி, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். மனக்குறைகளைக் கனிவுடன் கேட்ட நிறுவனத்தால் அவர்களது வேலையைக் காக்க இயலவில்லை. ஆய்வுகளும் நிறுத்தப்பட்டன. மேயோ 1933ல் தொழில் நாகரிகத்தின் மனிதச் சிக்கல்கள் குறித்த தம் நூலை வெளியிட்டார். முழு அறிக்கையை எழுதியவர்கள் ரோத்லிஸ்பர்கரும் டிக்சனும் (1939).

விமர்சனங்கள்

ரிலே அறையில் இருந்த பெண்களுள் இருவர் அதிகம் பேசுகின்றனர், ஒத்துழைக்கவில்லை எனக் கூறி 1928 சனவரியில் மாற்றப்பட்டனர். அவர்களுக்குப் பதில் வந்தவர்கள் விரைவாக வேலை செய்பவர்கள். மேலும் அறுவரின் உற்பத்தியை மட்டுமே கணக்கிட்டு ஊதியம் வழங்கப்பட்டதால், கூடுதல் உழைப்புக்குக் கூடுதல் பணம் நேரடியாகக் கிடைத்தது. இவற்றைச் சுட்டிக்காட்டி அலெக்ஸ் கேரி 1967ல் மேயோவின் முடிவுகளைக் கடுமையாக மறுத்தார். சலுகைகள் நீக்கப்பட்டபோது வார உற்பத்தி குறையாததற்கு வேலை நேரம் நீண்டதும் ஒரு காரணம். ஒரு மணி நேரத்துக்கான உற்பத்தி சற்றுக் குறைந்தே இருந்தது. தொழிற்சங்கங்களுக்கு மேயோ தம் கோட்பாட்டில் இடமளிக்கவில்லை என்பது மற்றொரு குற்றச்சாட்டு, இது நியாயமானதே. ஆயினும் கம்பியிணைப்பு அறையின் உற்றுநோக்கல்களை இவ்விமர்சனங்கள் அதிகம் தொடவில்லை.

தாம் கவனிக்கப்படுவதை அறிந்தவர் நடத்தையை மாற்றிக்கொள்வதைக் குறிக்கும் ஹாதோர்ன் விளைவு என்ற சொல் மேயோ மறைந்தபின் 1950களில் வழக்குக்கு வந்தது. வெளிச்சச் சோதனைகளின் தரவுகளைப் பொருளியலாளர்கள் லெவிட்டும் லிஸ்டும் மீளாய்வு செய்து 2011ல் வெளியிட்டபோது, பாடநூல்கள் கூறிய அளவுக்கு அவ்விளைவு அங்கு தென்படவில்லை.

இறுதிக்காலம்

மேயோ 1947ல் ஹார்வர்டிலிருந்து ஓய்வு பெற்று இங்கிலாந்தில் குடியேறினார். ஜானேயின் உளவியல் பற்றிய அவரது சிறு நூல் 1948ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டில் காலமானார். ஹாதோர்ன் தொழிற்சாலை 1983ல் மூடப்பட்டது.