பனியில் துரத்தப்பட்ட பாதிரியார் ரோஜர் வில்லியம்ஸ்

அமெரிக்காவில் பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுடைய சபைகளில் மிகப் பெரியதான தெற்கத்திய பாப்டிஸ்ட் மாநாட்டில் மட்டும் 1 கோடிக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் உள்ளனர். இந்த ஆலமரத்துக்கு அந்த மண்ணில் விதை ஊன்றியவர் ரோஜர் வில்லியம்ஸ். ஆனால் அவரோ அந்தச் சபையில் சில மாதங்கள்தான் இருந்தார்!

சுருக்கெழுத்துச் சிறுவன்

1603-ம் ஆண்டு வாக்கில் லண்டனில் ஒரு வியாபாரியின் மகனாகப் பிறந்தார் ரோஜர். சிறு வயதிலேயே சுருக்கெழுத்து கற்றுக் கொண்டார். அதுவே அவருக்கு வாழ்வளித்தது. நீதிமன்றத்தில் குறிப்பெடுத்த சிறுவனின் திறமையைக் கண்ட சட்ட மேதை சர் எட்வர்ட் கோக், அவனைப் பள்ளியில் சேர்த்துப் படிக்க உதவினார். 1627-ல் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்று ரோஜர் பாதிரியாரானார்.

அந்நாளில் இங்கிலாந்தில் மன்னரே திருச்சபைக்கும் தலைவர். அதன் வழிபாட்டு முறையை ஏற்காதவர்களுக்குத் தொல்லைதான். எனவே 1630 டிசம்பரில் மனைவி மேரியுடன் கப்பலேறிய ரோஜர், மறு பிப்ரவரியில் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார்.

நாடு கடத்தல்

தங்கள் வழிபாட்டைக் காக்க ஓடி வந்த பியூரிடன்கள், அங்கே மற்றவர்கள் வழிபாட்டுக்கு இடம் தரவில்லை. ரோஜர் இதைக் கண்டித்தார். மனிதனின் மனசாட்சியில் அரசாங்கம் தலையிடக் கூடாது. செவ்விந்தியர்களின் நிலத்தைத் தானம் செய்ய இங்கிலாந்து மன்னருக்கு உரிமை இல்லை என்று வாதிட்டார். 1635 அக்டோபரில் மாசாசூசெட்ஸ் நீதிமன்றம் அவரை நாடு கடத்த உத்தரவிட்டது.

1636 ஜனவரியில் அவரைப் பிடித்துக் கப்பலேற்ற ஆட்கள் வந்தார்கள். அதற்கு முன்பே, மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு, கொட்டும் பனியில் காட்டுக்குள் நடந்துவிட்டார் ரோஜர். செவ்விந்தியர்களின் மொழியை அவர் அறிந்திருந்தார். அவர்களே அவருக்கு அடைக்கலம் தந்தார்கள். நாரகான்செட் தலைவர்கள் கொடுத்த நிலத்தில் அவ்வாண்டே பிராவிடன்ஸ் என்ற ஊரை அமைத்தார். அங்கு ஊர்க் காரியங்களில் பெரும்பான்மையோர் முடிவு செல்லும். மத விஷயம் அவரவர் மனசாட்சிக்கு விடப்பட்டது.

முதல் சபை

குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, விவரம் தெரிந்து விசுவாசிப்பவனே அதைப் பெற வேண்டும் என்பது பாப்டிஸ்ட் கொள்கை. 1638-39-ல் எசேக்கியேல் ஹாலிமன் என்பவரிடம் ரோஜர் மீண்டும் ஞானஸ்நானம் பெற்றார். பிறகு ஹாலிமனுக்கும் மற்றும் சுமார் பத்துப் பேருக்கும் தாமே அதைக் கொடுத்தார். அமெரிக்காவின் முதல் பாப்டிஸ்ட் சபையாகக் கருதப்படுவது இதுவே.

ஆனால் இதைச் செய்ய எவருக்கேனும் அதிகாரம் உண்டா என்ற ஐயம் அவரை வாட்டியது. சில மாதங்களில் விலகினார். கடைசிவரை விசுவாசியாக இருந்தாலும் வேறெந்தச் சபையிலும் சேரவில்லை.

லண்டன் சென்று 1644-ல் தம் குடியேற்றத்துக்குச் சாசனம் பெற்றார். மத சுதந்திரம் பற்றி அங்கே அவர் வெளியிட்ட நூலைக் கொளுத்தப் பாராளுமன்றம் ஆணையிட்டது. குவேக்கர்களின் கொள்கையை அவர் வெறுத்தார். 1672-ல், எழுபதை நெருங்கிய வயதில், அவர்களுடன் வாதம் செய்யத் தாமே படகு வலித்துச் சென்றார். என்றாலும் அவர்கள் அங்கே வாழ்வதைத் தடுக்கவில்லை. யூதர்களும் அந்தக் குடியேற்றத்தில் புகலிடம் பெற்றனர்.

கடைசிக் காலம்

1676-ல் செவ்விந்தியர்களுடன் நடந்த போரில் பிராவிடன்ஸ் எரிந்தது. அவர் வீடும் தப்பவில்லை. பிடிபட்ட செவ்விந்தியர்களைக் கொத்தடிமைகளாக விற்ற குழுவில் ரோஜரும் இருந்தார். அடைக்கலம் தந்த இனத்துக்கு அவர் செய்த இச்செயல் அவர் வாழ்வில் நீங்காத கறையாகும். 1683-ல் காலமானார்.

அடிமை முறையை ஒட்டிய தகராறில்தான் 1845-ல் தெற்கத்திய மாநாடு தனியே பிரிந்தது. கறுப்பர்கள் தங்களுக்கெனப் பாப்டிஸ்ட் சபைகளை வளர்த்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் அவ்வழி வந்த போதகரே.

ரோஜரின் கொள்கை, அரசு மதத்தை நிறுவக் கூடாது என்று 1791-ல் அமெரிக்க அரசியல் சட்டத்தில் இடம் பெற்றது. அவரை நாடு கடத்திய உத்தரவை மாசாசூசெட்ஸ் ரத்து செய்தது 1936-ல். அதற்கு 300 ஆண்டுகள் பிடித்தன.