புத்தளம் கண்ட மொரோக்கோ யாத்திரிகர்

மொரோக்கோ நாட்டுத் தாஞ்சியர் நகரில் 1304ஆம் ஆண்டு பிறந்தவர் இப்னு பதூதா. மக்கா யாத்திரையை நாடி 21ஆம் வயதில் வீடு நீங்கியவர், 30 ஆண்டுகளுக்கு அண்மித்த காலத்தை வழிநடையிலேயே கழித்தார். டில்லியிலே முகம்மது பின் துக்ளக் அவரை நீதிபதியாக்கினான். பின்னர்ச் சீனத்துக்குத் தூதனுப்பினான். கள்ளிக்கோட்டைத் துறையில் எழுந்த புயல் அத்தூதினைச் சிதைத்தது. உடைமை இழந்தவர் மாலைதீவை அடைந்து, அங்கும் நீதிபதியாக விளங்கினார்.

1344ஆம் ஆண்டு, மாபர் எனப்பட்ட சோழமண்டலக் கரையை நோக்கிக் கப்பலேறினார். 3 நாளில் முடியவேண்டிய பயணம் 9 நாளாக நீண்டது. ஈற்றில், புகைத்தூண் போல் நின்ற சிவனொளிபாதமலை கண்ணிற் பட்டது. அண்மையிலிருந்த துறையோ ஆரியச் சக்கரவர்த்தியின் ஆணைக்குட்பட்டது. வணிகருக்கு அங்கே காவலில்லையென மீகாமன் அஞ்சினான். கரையிலே கொள்ளையச்சம், கடலிலே புயலச்சம். அந்நிலையில், தாமே முன்சென்று அபயம் பெற்று வருவதாகக் கூறி யாத்திரிகர் கரையிறங்கினார். மதுரைச் சுல்தானோடு தமக்கிருந்த மணவுறவை எடுத்துரைத்து மன்னனைக் காணச் சென்றார்.

பத்தாலா என அவர் குறித்த அவ்வூரைப் புத்தளமென்றே ஆய்வாளர் கொள்வர். சிறியதாயினும் எழில் வாய்ந்த ஊர், சுற்றிலும் மரமதில், அதன்மேல் மரத்தாலான காவற்கோபுரங்கள். ஆற்றுவெள்ளம் கொணர்ந்த கறுவாமரங்கள் கடற்கரையிலே குன்றுகளாய்க் குவிந்து கிடந்தன. மாபர், மலையாளக் கரைகளின் மக்கள் அவற்றை விலையின்றி எடுத்துச்சென்று, கைம்மாறாக மன்னனுக்குத் துணி முதலியன வழங்கினர்.

மன்னன் பாரசீக மொழி அறிந்தவன். 3 நாள் விருந்தோம்பினான். முத்துக்குளிப்பிற் பெற்ற முத்துக்களைக் காட்டி மகிழ்ந்து, அவற்றுட் சிலவற்றை ஈந்தான். வேண்டுவது யாதென வினவியபோது, வந்தவர் பொன்னையோ மணியையோ கேட்டாரல்லர். மலையுச்சியில் உள்ள ஆதம் நபியின் அடிச்சுவட்டைக் காண வழிகேட்டார். பல்லக்குடன் 4 யோகியரும், 3 அந்தணரும், 10 துணைவரும், உணவு சுமக்க 15 பேரும் உடன் அனுப்பப்பட்டனர். இஸ்லாமிய யாத்திரிகர் ஒருவருக்குச் சைவ மன்னன் அமைத்துக்கொடுத்த வழித்துணை இது. அஞ்சிய மீகாமனும் அரச விருந்தினனாகத் துறையிற் காத்திருந்தான்.

மலையேறி, தெவிநுவர, காலி, கொழும்பு வழியாக அவர் புத்தளம் மீண்டு, மாபருக்குச் சென்றார். மன்னனின் 100 கப்பல்களை அக்கரையிற் கண்டதாகவும் குறித்துள்ளார்.

பிற்காலத்தில் பெஸ் நகரில் அவர் சொல்லச்சொல்ல இப்னு ஜுஸை எழுதிய பயணநூல் 1355இல் நிறைவெய்தியது. ஏறத்தாழ 1368இல் அவர் காலமானார். மரமதில் மண்ணோடு மண்ணாயிற்று. ஆயினும், தமிழ் மன்னன் ஒருவனின் கடலாற்றலுக்கும் விருந்தோம்பலுக்கும் தாஞ்சியர் நகரத்தார் ஒருவர் இன்றும் சான்று பகர்கின்றார்.