மாட்டுக் கொம்பும் மண்வளமும்: ருடோல்ப் ஸ்டெய்னரின் வாழ்வு

கமத்தொழிலை ஒருபோதும் தமது தொழிலாகக் கொள்ளாத ஒருவர் கமக்காரர்களின் வழிகாட்டியாகக் கொள்ளப்படுவது விந்தையே. உயிராற்றல் வேளாண்மை என அழைக்கப்படும் முறைக்கு வித்திட்ட ருடோல்ப் ஸ்டெய்னர் அத்தகையவர்.

1861 பெப்ரவரியில், அன்று ஒஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்ததும் இன்று குரோஷியாவில் உள்ளதுமான ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ரயில்வேயில் தந்திப் பணியாளர். வியன்னாவில் தொழில்நுட்பக் கல்வி பயின்ற நாட்களில், காட்டில் மூலிகை பறித்து நகரில் விற்கும் ஒருவருடன் ரயிலில் அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. பின்னாளில் அவர் தெரிந்தெடுத்த செடிகளைக் காணும்போது அந்த மூலிகைக்காரரை நாம் நினையாதிருக்க முடியவில்லை. கேத்தேயின் விஞ்ஞான எழுத்துகளைப் பதிப்பித்தார். 1902 இல் பிரம்மஞான சபையின் ஜேர்மன் கிளைக்குப் பொதுச் செயலாளரானார். சென்னை அடையாறில் அமைந்திருந்த அச்சபையின் தலைமை, சிறுவனாயிருந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியை உலக ஆசானாக முன்னிறுத்தியதை ஏற்க மறுத்துப் பிரிந்து, தனி இயக்கம் கண்டார். அவருடைய எழுத்துகளில் மனித இனங்களை உயர்வு தாழ்வாக நோக்கும் பகுதிகளும் உண்டு. அவற்றை மறைத்து அவரைப் போற்றுவது முறையன்று.

முதலாம் உலகப் போரின் பின்னர் ஜேர்மனியில் செயற்கை நைதரசன் பசளை பரவலாயிற்று. விதைகளின் வீரியம் குன்றுகிறது, கால்நடைகள் நோயுறுகின்றன என்ற முறைப்பாட்டுடன் பண்ணையாளர்கள் அவரை நாடினர். அதன் பயனாக 1924 ஜூனில், இன்று போலந்தில் உள்ள கோபர்விட்ஸ் பண்ணையில் எட்டு விரிவுரைகள் நிகழ்ந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் கூடினர்.

அங்கு அவர் கூறிய செய்முறைகள் கேட்போரைத் திகைக்க வைப்பவை. பசுவின் கொம்பில் சாணத்தை நிரப்பிக் குளிர்காலம் முழுவதும் மண்ணில் புதைத்து வைக்கவேண்டும். வசந்தத்தில் தோண்டியெடுத்து, நீரில் இட்டு, வலமும் இடமுமாக மாறிமாறி ஒரு மணிநேரம் கலக்கி நிலத்தில் தெளிக்கவேண்டும். பொடித்த படிகக்கல்லைக் கொம்பில் அடைத்துக் கோடையில் புதைத்தெடுத்தால் அது இலைகளுக்கு. சீமைச்சாமந்திப் பூவை மாட்டுக் குடலிலும், ஓக் மரப்பட்டையை விலங்கின் மண்டையோட்டிலும் இட்டுப் பதப்படுத்திக் கூட்டெருவில் சிறிதளவு சேர்க்க வேண்டும். ஏன் கொம்பு, ஏன் குடல் என்பதற்கு அவர் தந்த விளக்கம் விஞ்ஞானம் ஏற்கும் விளக்கமன்று.

எனினும் பண்ணையைத் தனியொரு உயிராக அவர் நோக்கியதை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. பயிர், கால்நடை, பழத்தோட்டம், புதர், காடு யாவும் அவ்வுயிரின் உறுப்புகள். காடு அழிந்த இடத்தில் பறவையும் பூச்சியும் நிலைகுலையும். ஆதலால் பயிர்நிலத்தைச் சற்றுக் குறைத்தேனும் காட்டுக்கு இடம் விடுவது எஞ்சிய நிலத்துக்கே நன்மை என்பது அவர் கருத்து.

அவருடைய மாணவர் எரன்பிரைட் பைபரின் நினைவுக் குறிப்பொன்று சுவையானது. சுவிட்சர்லாந்தின் ஆர்லெஸ்ஹைமில் முதன்முதலாகப் புதைத்த கொம்புகளைத் தோண்ட முற்பட்டபோது, புதைத்த இடம் எதுவென்று எவருக்கும் நினைவில்லை. ஸ்டெய்னர் புறப்படவிருந்த தறுவாயில்தான் கொம்புகள் அகப்பட்டன. வாளி நீரைப் பைபரின் கைத்தடியாலேயே அவர் கலக்கிக் காட்டினாராம்.

கோபர்விட்ஸில் கூறியவற்றைப் பண்ணைகளில் பரீட்சித்துப் பார்க்கும் வரை வெளியிடலாகாது என்று அவர் பணித்தமையே எமது பார்வையில் அவருடைய பெருமை. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்து, சில மாதங்களிலேயே தடையை நீக்க நேர்ந்த எமது நாட்டவருக்கு அந்த நிதானத்தின் அருமை புரியும்.

பரீட்சைகளின் முடிவைக் காண அவருக்கு ஆயுள் இருக்கவில்லை. 1925 மார்ச் 30 அன்று டோர்னாக்கில் காலமானார். 1978 இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய நீண்டகால வயல் ஆய்வின் 21 ஆண்டுப் பெறுபேறுகள் 2002 இல் வெளியாயின. உயிராற்றல் முறையிலும் சேதன முறையிலும் விளைச்சல் சராசரியாக 20 சதவீதம் குறைந்தது. ஆனால் பசளையும் சக்தியும் 34 முதல் 53 சதவீதம் வரை மிச்சமாயின. மண்ணில் நுண்ணுயிரும் மண்புழுவும் பெருகின. அதில் கூட்டெருவின் பங்கு எவ்வளவு, கொம்பின் பங்கு எவ்வளவு என்பதை அந்த ஆய்வு பிரித்துக் காட்டவில்லை.