கலப்பைக்குக் கை கொடுத்த ஹாரி பெர்குசன்: மினி டிராக்டர் வைத்திருப்போர் அறிய வேண்டிய வாழ்க்கை



மினி டிராக்டர் வாங்கிய பலர் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கலப்பை ஓரிடத்தில் ஆழமாகவும் அடுத்த இடத்தில் மேலாகவும் போகிறது, பின்னால் உள்ள இணைப்பில் என்ன மாற்றம் செய்யலாம் என்பதே அது. சிலர் கலப்பையின் மேல் கல்லை ஏற்றுகிறார்கள். சிலர் பட்டறையில் டாப் லிங்கை வெட்டி ஒட்டுகிறார்கள். எதையும் மாற்றும் முன் அந்த இணைப்பை உருவாக்கியவரின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

பண்ணையை விட்டு ஓடிய விவசாயி மகன்

ஹாரி பெர்குசன் 1884 நவம்பர் 4 அன்று அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில், குரோவெல் என்னும் சிற்றூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். உடன்பிறந்தவர்கள் பலர். பண்ணை வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. வெளிநாடு போய்விடலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, அண்ணன் ஜோ 1902-ல் அவரை பெல்பாஸ்ட் நகரில் இருந்த தன் பழுதுபார்க்கும் பட்டறைக்கு அழைத்துக்கொண்டார். அங்கே சைக்கிளும் மோட்டார் வண்டியும் பழுதுபார்த்தார்கள். ஹாரியின் கைக்கு வேலை படிந்தது. 1909 டிசம்பர் 31 அன்று தாமே கட்டிய விமானத்தில் சிறிது தூரம் பறந்தும் காட்டினார். 1911-ல் சொந்தக் கடை தொடங்கினார்.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. உணவு உற்பத்தியைப் பெருக்க டிராக்டர் உழவு தேவைப்பட்டது. அயர்லாந்தில் அரசு டிராக்டர்களும் கலப்பைகளும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்துச் சீர்செய்யும் பொறுப்பு 1917-ல் பெர்குசனிடம் வந்தது. தன் பட்டறையின் திறமையான மெக்கானிக் வில்லி சாண்ட்ஸுடன் அவர் பண்ணை பண்ணையாகப் போனார். வெறுத்து விட்டுவந்த வயலுக்கே மறுபடியும் வந்து சேர்ந்தார்.

அவர் வயலில் கண்ட குறை

அன்று மாட்டுவண்டிக்குப் பின்னால் இன்னொரு வண்டியைக் கட்டியதுபோல, டிராக்டருக்குப் பின்னால் சக்கரம் வைத்த கனமான கலப்பையைச் சங்கிலியிலோ கம்பியிலோ கட்டி இழுத்தார்கள். இதில் இரண்டு குறைகள் இருந்தன.

முதல் குறை, பிடிப்பு. பின்சக்கரம் மண்ணைக் கவ்வ வேண்டுமானால் அதன்மேல் பாரம் வேண்டும். அதற்காக டிராக்டரையே கனமாகச் செய்தார்கள். கனமான டிராக்டர் மண்ணை அழுத்தி இறுக்கியது. எரிபொருளும் வீணானது.

இரண்டாவது குறை உயிரைப் பறிப்பது. கொழு ஒரு பாறையில் மாட்டிக்கொண்டால் கலப்பை நின்றுவிடும். சக்கரமும் சுழல முடியாது. ஆனால் எஞ்சின் நிற்காது. அதன் விசை டிராக்டரின் முன்பக்கத்தைத் தூக்கிப் பின்னோக்கிக் கவிழ்த்துவிடும். அக்காலத்தில் மலிவாக வந்து பரவிய போர்ட்சன் டிராக்டரில் இப்படிக் கவிழ்ந்து ஓட்டுநர்கள் இறந்தார்கள்.

மூன்று புள்ளியில் கிடைத்த விடை

கலப்பையும் டிராக்டரும் ஒரே கருவியாக வேலை செய்ய வேண்டும் என்று பெர்குசன் முடிவுசெய்தார். அவரும் அவருடைய ஆட்களும் பல ஆண்டுகள் செய்து பார்த்து, உடைத்து, மறுபடி செய்தார்கள். 1926-ல் ஹைட்ராலிக் கட்டுப்பாட்டுக்குக் காப்புரிமை கிடைத்தது. 1933-ல் கறுப்பு வண்ணம் பூசிய மாதிரி டிராக்டர் உருவானது.

அதன் இயக்கம் எளிது. கீழே இரண்டு லிங்க், மேலே ஒரு லிங்க். கீழ் லிங்குகள் கலப்பையை இழுக்கும். மண் கலப்பையைப் பின்னுக்குத் தள்ளும்போது, கலப்பையின் மேல்பகுதி முன்னோக்கிச் சாய்ந்து டாப் லிங்கை டிராக்டரை நோக்கித் தள்ளும். அந்தத் தள்ளல்தான் முன்பக்கம் தூக்காமல் தடுக்கிறது. கலப்பையின் பாரமும் மண்ணின் இழுப்பும் பின்சக்கரத்தின்மேல் இறங்குவதால் எடை குறைந்த டிராக்டருக்கும் பிடிப்பு கிடைக்கிறது.

அதே டாப் லிங்க் ஒரு ஸ்பிரிங்கையும் அழுத்துகிறது. இறுகிய மண் வந்தால் அழுத்தம் கூடும். உடனே ஹைட்ராலிக் வால்வு திறந்து கலப்பையைச் சற்றே தூக்கும். மண் இளகினால் மறுபடி இறக்கும். மாட்டு ஏரில் உழுதவர்களுக்கு இது புதிதல்ல. மேழியைப் பிடித்த கை மண்ணின் இறுக்கத்தை உணர்ந்து அழுத்தும், தளர்த்தும். அந்தக் கையின் வேலையைத்தான் பெர்குசன் இயந்திரத்துக்குக் கொடுத்தார்.

கைகுலுக்கலும் வழக்கும்

1936-ல் டேவிட் பிரவுன் நிறுவனத்துடன் சேர்ந்து டிராக்டர் விற்பனைக்கு வந்தது. 1938-ல் பெர்குசன் அமெரிக்கா சென்று ஹென்றி போர்டின் முன் உழுது காட்டினார். இருவரும் எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் போடாமல், கைகுலுக்கியே கூட்டுச் சேர்ந்தார்கள். 1939-ல் வந்த போர்டு பெர்குசன் டிராக்டர் 3 லட்சத்துக்கு மேல் தயாரானது.

போர்டின் பேரன் பொறுப்பேற்றபின் 1947-ல் அந்தக் கூட்டு முறிந்தது. அதே இணைப்பு முறையுடன் போர்டு நிறுவனம் தனியாக டிராக்டர் செய்தது. பெர்குசன் 1948-ல் 25 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. குத்தகையோ கூட்டுக் கிணறோ, நம்பிக்கை எவ்வளவு இருந்தாலும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையே 1946 முதல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் அவருடைய சாம்பல் நிற டிஇ20 டிராக்டர் தயாரானது. 1956 வரை 5 லட்சத்துக்கு மேல் வெளிவந்தது. 1953-ல் அவருடைய நிறுவனம் மாஸி ஹாரிஸுடன் இணைந்தது. மாஸி பெர்குசன் என்ற பெயர் அப்படிப் பிறந்ததே. 1960 அக்டோபர் 25 அன்று அவர் மறைந்தார். அதே 1960-ல் சென்னையில் மாஸி பெர்குசன் கூட்டுறவுடன் டாஃபே தொடங்கப்பட்டது. இன்று எந்த நிறுவனத்தின் டிராக்டரை வாங்கினாலும் அதன் பின்னால் அவருடைய மும்முனை இணைப்பைத்தான் காண்பீர்கள்.

உங்கள் மினி டிராக்டரில் செய்ய வேண்டியவை

1. கலப்பை இறங்கவில்லை என்றால் கல்லை ஏற்றாதீர்கள். முதலில் கொழு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டாப் லிங்கைச் சிறிது திருகிக் குறையுங்கள். கலப்பையின் மூக்கு இறங்கி மண்ணில் பாயும். அளவுக்கு மீறிப் போனால் லிங்கை நீட்டுங்கள்.

2. ஒரு பக்கம் ஆழமாகப் போனால் வலப்பக்கத் தூக்குத் தண்டைத் திருகி மட்டப்படுத்துங்கள்.

3. உழவுக்கு டிராஃப்ட் லிவரையும், ரோட்டாவேட்டர், விதைப்புக் கருவிக்குப் பொசிஷன் லிவரையும் பயன்படுத்துங்கள். கலப்பை ஏறி இறங்குவதாக வரும் புகார்களில் பல, லிவர் மாறியிருப்பதால் வருபவை.

4. ரோட்டாவேட்டருக்கும் சாலைப் பயணத்துக்கும் செக் செயினை இறுக்குங்கள். கலப்பைக்குச் சற்று ஆட்டம் விடுங்கள்.

5. அடிக்கடி டாப் லிங்கை மாற்ற வேண்டியிருந்தால் ஹைட்ராலிக் டாப் லிங்க் பொருத்தலாம். அதற்கு டிராக்டரில் கூடுதல் ஹைட்ராலிக் வால்வு வேண்டும். தேவையான நீளமும் பின்னின் அளவும் டிராக்டருக்குப் பொருந்த வேண்டும். முதல் வகை இணைப்பில் கீழ்ப் பின் 22 மி.மீ., மேல் பின் 19 மி.மீ. பல மினி டிராக்டர்களில் பின் அளவு இதுவே என்றாலும் லிங்குகளுக்கு இடையிலான அகலம் குறைவு. வாங்கும் முன் அளந்து பாருங்கள்.

6. டாப் லிங்கை வெட்டி வெல்டிங் வைக்காதீர்கள். உழவின் முழுத் தள்ளலையும் தாங்குவது அதுதான்.

7. சேற்றில் சிக்கிய வண்டியையோ மரக்கட்டையையோ டாப் லிங்க் மாட்டும் இடத்தில் சங்கிலி கட்டி ஒருபோதும் இழுக்காதீர்கள். உயரத்தில் கட்டி இழுத்தால் டிராக்டர் பின்னோக்கிக் கவிழும். பெர்குசன் ஒழிக்கப் பாடுபட்ட அதே விபத்தை நாமே வரவழைத்ததாகிவிடும். கீழே உள்ள இழுவைக் கம்பியில் மட்டுமே கட்டுங்கள்.

அடுத்த உழவுக்கு முன் எஞ்சினை நிறுத்தி, கலப்பையைத் தரையில் இறக்கிவைத்துவிட்டு, இந்த மூன்று புள்ளிகளையும் பத்து நிமிடம் பாருங்கள். பின் தேய்ந்திருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.