ராவ் பகதூர் எம். சி. ராஜா: பொதுப்பணத்தில் நம் பங்கைக் கேட்ட பெருமகனார்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் கொண்டாடும் இவ்வேளையில், மலரில் எப்பெரியாரின் வரலாற்றை இடம்பெறச் செய்வது என்று எண்ணிப் பார்த்தோம். அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வரலாற்றை நம் இளைஞர்கள் ஓரளவு அறிவர். அயோத்திதாசப் பண்டிதரையும் இரட்டைமலை சீனிவாசனாரையும் பற்றிய நூல்கள் இன்று கிடைக்கின்றன. ஆனால் எம். சி. ராஜா என்றால், சென்னைக்குக் கல்லூரிப் படிப்பிற்குச் சென்ற நம் பிள்ளைகள், சைதாப்பேட்டையிலுள்ள மாணவர் விடுதியின் பெயர் என்று மட்டுமே கூறுகின்றனர். அப்பெயருக்குரியவர் யார், எதற்காகப் போராடினார், எவ்விடத்தில் தவறினார் என்பதை அறிந்தவர் சிலரே. ஆதலின் அவரையே எடுத்துக்கொண்டோம். நூலிழையாலும் பனியன் தொழிலாலும் வாழும் திருப்பூர் வட்டாரத்தாராகிய நமக்கு அவர் வரலாற்றில் தனிப்பட்ட தொடர்பும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

மயிலை சின்னத்தம்பிப் பிள்ளை ராஜா அவர்கள் சென்னையை அடுத்த பரங்கிமலையில் 1883 ஆம் ஆண்டு ஜூன் 17 ஆம் நாள் பிறந்தார். தந்தையார் எழுத்தறிவு பெற்று அலுவலகப் பணியில் இருந்தவர். ராயப்பேட்டை வெஸ்லி மிஷன் பள்ளியிலும், பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று பட்டம் பெற்று ஆசிரியரானார். பள்ளிப் பாடநூல்கள் எழுதினார். குழந்தைகளுக்கான பாடல் தொகுப்பொன்றிலும் அவர் பெயர் உண்டு. 1916 இல் ஆதி திராவிட மகாஜன சபையின் செயலாளரானார். அரசியலுக்கு வந்த பின்னும் வாத்தியாரின் கண்ணாலேயே அவர் அரசாங்கத்தைப் பார்த்தார் என்று நமக்குத் தோன்றுகிறது. எந்தச் சேரியில் பள்ளி உண்டு, எங்கு இல்லை, அதற்குரிய பணம் எவர் கையில் இருக்கிறது என்பனவே அவர் கேள்விகள்.

இவ்விடத்தில் அக்கால ஆட்சி முறையைச் சற்று விளக்க வேண்டும். 1919 ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டப்படி மாகாண ஆட்சி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. இதனை இரட்டையாட்சி என்பர். கல்வி, பொதுச் சுகாதாரம், ஸ்தல ஸ்தாபனங்கள் ஆகியவை தேர்தலில் வென்ற கட்சியின் மந்திரிகளிடம் விடப்பட்டன. போலீஸ், நீதி, நிலவரி, தொழிலாளர் விவகாரம் ஆகியவற்றைக் கவர்னரும் அவருடைய நிர்வாக சபையாருமே வைத்துக்கொண்டனர். வரவு செலவுத் திட்டத்தில் போலீசுக்குரிய தொகையைச் சட்டசபை வெட்டினாலும், கவர்னர் தம் அதிகாரத்தால் அதனை மீட்டுக்கொள்ள முடியும். வாக்குரிமையோ சொத்தும் வரியும் உள்ளவர்க்கே இருந்தது. நம் முன்னோருள் பெரும்பாலோர்க்கு நிலமுமில்லை, வரி கட்டும் வீடுமில்லை. எனவே வாக்கும் இல்லை.

இதன் விளைவு யாது? கிராமத்துக் கிணறும், தெருவும், பள்ளியும் எந்த மந்திரியின் கீழ் இருந்தனவோ, அந்த மந்திரிக்கு நம் தயவு வேண்டியதில்லை. அடிபட்டால் ஓடிச் சென்று நிற்க வேண்டிய போலீஸ் நிலையமோ வெள்ளையர் ஆட்சியின் கையில். ஒரு சமூகம் அந்நிய அரசாங்கத்தை ஏன் நம்பியது என்று இன்று எளிதாகக் குறை கூறுவோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தல் நலம்.

1920 தேர்தலை அடுத்து அமைந்த சென்னைச் சட்டசபையில் ராஜா அவர்கள் உறுப்பினரானார். நீதிக்கட்சியோடு சேர்ந்து நின்றார். பிராமணரல்லாதார் உயர்வுக்காகத் தோன்றிய கட்சியில் நமக்கும் இடமிருக்கும் என்பது அவர் நம்பிக்கை. ஏறத்தாழ அதே காலத்தில்தான் ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் நலனைக் கவனிக்கத் தொழிலாளர் கமிஷனர் ஒருவரை அரசு அமர்த்தியிருந்தது. அந்த இலாகா குடியிருப்பு மனைகளுக்கு நிலம் கையகப்படுத்திற்று. விலையைக் கூட்டுறவுச் சங்கங்களின் வழியாகத் தவணை முறையில் நம் மக்களே திருப்பிச் செலுத்தினர். கிணறு வெட்டிற்று, சுடுகாட்டுக்குப் பாதை அமைத்தது, பொதுப் பள்ளிகளில் நம் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்த ஊர்களில் தனிப் பள்ளிகள் திறந்தது. இன்று ஆதி திராவிடர் நலப் பள்ளிகள் என வழங்குவனவற்றின் மூலவேர் அந்த இலாகாவின் பள்ளிகளே. நிலவுடைமையாளர் பலருக்கு இந்த இலாகா கண்ணில் விழுந்த துரும்பாயிற்று. மனை சொந்தமானால் பண்ணையாள் எப்படிப் பண்ணையாளாக இருப்பான்?

இந்நிலையில்தான் 1921 வந்தது. சென்னைப் பெரம்பூர்ப் பகுதியில் பின்னி நிறுவனத்தாரின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் இருந்தன. 1918 இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம் அங்கு வலுவாக வேரூன்றியிருந்தது, திரு. வி. கலியாணசுந்தரனார் அதன் தலைவர்களுள் ஒருவர். 1921 மே மாதம் கர்நாடிக் ஆலையிலும், ஜூனில் பக்கிங்காம் ஆலையிலும் வேலை நின்றது. ஆதி திராவிடத் தொழிலாளருள் பெரும்பாலோர் வேலைநிறுத்தத்தில் சேராது ஆலைக்குச் சென்றனர். ராஜா அவர்களும் அவர்களை வேலைக்குச் செல்லுமாறே அறிவுறுத்தினார். சாதி இந்துத் தொழிலாளருக்கும் ஆதி திராவிடருக்கும் இடையே பகை மூண்டது. புளியந்தோப்புச் சேரிக் குடிசைகள் எரிந்தன. இரு தரப்பிலும் உயிர்கள் மாண்டன. ஆகஸ்டு 29 ஆம் நாள் போலீசார் சுட்டதில் சிலர் இறந்தனர். அக்டோபரில்தான் வேலைநிறுத்தம் முடிவுற்றது.

வேலைநிறுத்தத்தை உடைத்தவர்கள் என்னும் பழி அன்று நம் மக்கள்மேல் விழுந்தது. தொழிற்சங்க வரலாறுகளில் அது இன்றும் உள்ளது. நம் சங்க உறுப்பினர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் தையல், செக்கிங், கைமடி, சாயப்பட்டறை என்று ஏதோ ஒரு வகையில் கூலி வாங்குவோர் ஆதலின், இதைத் தாண்டிச் செல்ல நமக்கு மனம் வரவில்லை. 1984 இல் திருப்பூரில் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்ததே, அதனை நேரிற் கண்ட முதியவர்கள் நம்மிடையே உள்ளனர். காடு தோட்டம் உள்ள குடும்பத்தார் ஊருக்குப் போய்ச் சோளமேனும் உண்டனர். மளிகைக் கடைக்காரர் உறவினராக இருந்தால் கடன் கிடைத்தது. வாடகைக் குடிசையும் வாரக் கூலியும் மட்டுமே உடையவன் வீட்டில் அடுப்பு எத்தனை நாள் எரியும்? 1921 இல் புளியந்தோப்புச் சேரிக்கும் இதே கணக்குத்தான். அதனோடு, வேலைநிறுத்தம் செய்யக் கூப்பிட்ட தோழர் தம் தெருக் குழாயில் நீர் பிடிக்கவும் விடுவாரா என்ற ஐயமும் சேர்ந்தது.

ஆயினும் ராஜா அவர்கள் செய்தது முற்றும் சரியென்று நாம் எழுத மாட்டோம். ஆலை முதலாளியும் அந்நிய அரசும் நம் மக்களைத் தங்கள் வசதிக்காகப் பயன்படுத்திக்கொள்ளக் கூடியவர்களே. சங்கத் தலைவர்களோடு முன்கூட்டியே பேசி, சேரிக்கு என்ன உறுதி தருவீர் என்று கேட்டிருந்தால் ஒருவேளை வேறு வழி பிறந்திருக்கலாம். இளைஞர்கள் இது குறித்துத் தம்முள் வாதித்துப் பார்க்கட்டும். எம் சங்கச் செயற்குழுவிலேயே இது பற்றி இரு கருத்து உண்டு.

கலவரத்திற்குப் பின் நடந்ததே ராஜா அவர்களின் வாழ்வைத் திருப்பிற்று. குடிசை இழந்தோர்க்கு அரசுச் செலவில் தங்குமிடமும் உணவும் தரப்பட்டன. உடனே நீதிக்கட்சியின் முன்னணித் தலைவர்களும் அக்கட்சியின் ஏடும், தொழிலாளர் இலாகா ஆதி திராவிடருக்குச் செல்லம் கொடுத்ததே கலவரத்திற்குக் காரணம் என்று குற்றஞ்சாட்டினர். பொதுப்பணம் ஒரு வகுப்பாருக்காகச் செலவாகிறது என்பது அவர்கள் வாதம். ஊர்ப் பள்ளியும் ஊர்க் கிணறும் ஊர்ச் சாவடியும் அதே பொதுப்பணத்தால் அமைந்து ஒரு சாராருக்கே பயன்பட்ட நூறாண்டுகளில் எவருக்கும் இந்த வாதம் நினைவுக்கு வந்ததில்லை! வீடு எரிந்தவனுக்குப் போட்ட சோற்றில்தான் வகுப்புவாதம் கண்ணுக்குத் தெரிந்தது.

நீதிக்கட்சியின் தொண்டைச் சிறுமைப்படுத்துவது நம் நோக்கமன்று. பொதுவழியும் பொதுக்கிணறும் அனைவர்க்கும் உரியன என்னும் ஆணை அக்கட்சியின் ஆட்சியில்தான் பிறந்தது. ஆனால் ஒரு கட்சி நல்ல கட்சி என்பதனாலேயே அதன் பணப்பையில் நமக்குப் பங்கு வந்துவிடாது என்பதனை ராஜா அவர்கள் விலை கொடுத்து அறிந்தார். 1923 இல் அக்கட்சியை விட்டு விலகினார்.

விலகுவதற்கு முன் 1922 இல் அவர் கொண்டுவந்த தீர்மானத்தின்படி, பறையர், பஞ்சமர் என்னும் சொற்கள் அரசாங்கப் பதிவேடுகளினின்று நீக்கப்பட்டு, ஆதி திராவிடர், ஆதி ஆந்திரர் என்னும் பெயர்கள் ஏற்கப்பட்டன. அதே சட்டசபைக் காலங்களில் இரட்டைமலை சீனிவாசனார் 1924 இல் பொது இடங்களைப் பயன்படுத்தும் உரிமைக்கான தீர்மானத்தை நிறைவேற்றினார். அருந்ததியர் சார்பில் எல். சி. குருசாமி அவர்கள் உழைத்தார். நம் பழைய கோவை மாவட்டத்தைச் சேர்ந்த ஆர். வீரையன் அவர்களும் உறுப்பினராயிருந்து பொதுவழி உரிமைக்காக வாதாடினார். கோவையார் ஒருவர் அம்மன்றத்தில் நின்றார் என்பதை நம் பிள்ளைகள் அறியாதது நமக்கு வருத்தமே.

1925 இல் ஒடுக்கப்பட்ட இந்துக்களைப் பற்றி ஆங்கிலத்தில் நூலொன்று வெளியிட்டார். 1926 இல் நாகபுரியில் அமைந்த அகில இந்தியத் தாழ்த்தப்பட்டோர் சங்கத்தின் தலைவரானார். 1927 முதல் டில்லி மத்திய சட்டசபையில் நியமன உறுப்பினராக இருந்தார். பின்னர் வந்தது 1932. அம்பேத்கர் அவர்கள் தனித்தொகுதி கேட்டு நின்றபோது, ராஜா அவர்கள் இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சே அவர்களுடன் உடன்பாடு செய்து கூட்டுத்தொகுதியை ஆதரித்தார். அம்பேத்கரின் கை வலுவாயிருக்க வேண்டிய வேளையில் அதனைத் தளரச் செய்த செயல் அது. அவ்வாண்டு செப்டம்பர் 24 ஆம் நாள் காந்தியடிகளின் உண்ணாநோன்பின் நெருக்கடியில் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ராஜா அவர்களும் சீனிவாசனாரும் அதில் ஒப்பமிட்டனர். மாகாணங்களில் 148 தனி இடங்கள் கிடைத்தன. அவற்றில் சென்னைக்கு 30.

அவ்வொப்பந்தத்தில் பலர் கவனியாத பிரிவு ஒன்றுண்டு. ஒவ்வொரு மாகாணமும் தன் கல்வி மானியத்திலிருந்து போதுமான ஒரு தொகையைத் தாழ்த்தப்பட்டோர் கல்விக்கெனத் தனியே ஒதுக்க வேண்டும் என்பதே அது. தொகை எவ்வளவு என்று எழுதப்படவில்லை. ஒதுக்காவிட்டால் யார் கேட்பது என்றும் எழுதப்படவில்லை. ஒதுக்கிய பணம் வேறு கணக்கிற்குப் போய்விடும் நோய்க்கு மருந்தாகத் தமிழ்நாடு சட்டமன்றம் 2024 இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று என்றால், இடைப்பட்ட 92 ஆண்டுகளின் கதை விளங்கும். நம் இரவுப் பள்ளித் தெருவுக்கு ஒரு விளக்கு வேண்டி நாம் ஏறி இறங்கிய படிகளும் அக்கதையிற் சேர்ந்தவையே. எந்த அலுவலகத்துப் படிகள் என்பது இங்கு வேண்டா.

1937 ஏப்ரல் முதல் ஜூலை வரை, கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு அவர்களின் இடைக்கால அமைச்சரவையில் ராஜா அவர்கள் வளர்ச்சித் துறை அமைச்சராக இருந்தார். மூன்றரை மாதத்தில் எதனைச் சாதிக்க இயலும்? அவருடைய பெருஞ்செயல் அடுத்த ஆண்டில், பதவியில் இல்லாதபோது நடந்தது. இராஜாஜி அவர்களின் காங்கிரஸ் ஆட்சியில், 1938 இல், சமூக இயலாமைகளை அகற்றும் மசோதாவை அவர் கொண்டுவந்தார், அது சட்டமாயிற்று. ஆறு, கிணறு, குளம், வழி, ஊர்தி முதலியவற்றையும், அரசு அல்லது ஸ்தல ஸ்தாபனப் பணத்தால் நடைபெறும் பொது நிலையங்களையும் பயன்படுத்த எவரையும் தடுத்தல் குற்றம் என அச்சட்டம் கூறிற்று. பொதுப்பணம் எங்கே செல்கிறதோ அங்கே நம் காலும் செல்லலாம் என்னும் கொள்கை அதில் சட்ட வடிவம் பெற்றது. புளியந்தோப்புச் சோற்றுக்கு அவர் பதினேழாண்டு கழித்துச் சொன்ன பதில் என்றே இதனை நாம் கொள்கிறோம்.

சட்டத்தை எழுதுதல் ஒன்று. தடுத்தவன்மேல் புகார் எழுதிக்கொள்ளும் காவலர் கிடைப்பது வேறொன்று. ஊர்ப் பெரியவருக்கு எதிராக ஒரு கூலியாள் காவல் நிலையப் படியேறுவது 1938 இல் எவ்வளவு அரிதாயிருந்திருக்கும் என்பதை நம் பாட்டன்மாரின் வாய்மொழியிற் கேட்டோர் அறிவர்.

அதே ஆண்டில் அவர் முன்வைத்த ஆலயப் பிரவேச மசோதாவை ஆட்சிக்கட்சி ஆதரிக்கவில்லை. மலையாள மாவட்டத்திற்கு மட்டுமான மசோதாவை இராஜாஜி முன்வைத்து, ராஜாவின் மசோதாவைத் திரும்பப் பெறச் சொன்னார். ராஜா இணங்கவில்லை, மசோதா தோற்றது. காந்தியடிகளுக்கு எழுதினார், இராஜாஜியை நம்புமாறே அங்கிருந்தும் அறிவுரை வந்தது. கூட்டுத்தொகுதியில் வென்ற நம்மவர் கட்சிக் கட்டளைக்கு உட்பட்டு வாய்மூடி அமர்ந்திருந்ததை அவர் தம் கண்ணாற் கண்டார். 1932 இல் எந்தத் தொகுதி முறையை ஆதரித்தாரோ, அதன் பயனையே கண்டார். அதன்பின் அம்பேத்கரை நெருங்கி வந்தார். 1942 இல் கிரிப்ஸ் தூதுக்குழு வந்தபோது இருவரும் சேர்ந்தே சென்று நம் மக்களின் கோரிக்கையை எடுத்துரைத்தனர். பத்தாண்டுப் பிணக்கை விட்டு, தாம் கருதியது பிழையென்று கண்டவுடன் மாறி நின்ற அந்த மனம் நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அடுத்த ஆண்டு, 1943 ஆகஸ்டு 20 ஆம் நாள், தம் அறுபதாம் வயதில் அவர் காலமானார். அவர் இயற்றுவித்த 1938 ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் பன்னிரண்டு ஆண்டு சென்னை மாகாணத்தில் நடப்பில் இருந்தது. 1955 இல் தீண்டாமைக் குற்றங்களுக்காக நாடு முழுமைக்கும் மத்தியச் சட்டம் வந்தபோது, அதன் அட்டவணையில் ரத்தான பழைய மாகாணச் சட்டங்களுள் ஒன்றாக அது இடம்பெற்றது.